பிரசாதம் கணக்கில் வராது

இரத்தத்தில் சீனி பார்க்கும் அந்த மெஷினை நான் என் அக்காவுக்காகத்தான் வாங்கினேன். அவளுக்கு இனிப்புநீர் வந்து பல வருடமாகிறது. காலையில் மாத்திரை, இரவில் மாத்திரை, நடுவில் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி. விரலைக் குத்திப் பார்ப்போம் என்றால் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வாள். "குத்திப் பாத்தா மட்டும் கொறஞ்சிருமா? போடா, வேலயப் பாரு" என்பாள். பெட்டி பிரிக்காமலே அலமாரியில் கிடந்தது. கடைசியில் அதைப் பிரித்தது எங்கள் பூனைக்காக.

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் தாமானே, குடியிருப்பு முழுக்க, சிரித்து முடித்துவிட்டது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பூனை பிழைக்கவில்லை. கடைசி வரைக்கும் நம்பிக்கையோடு படித்துவிட்டுப் பிறகு என்னைத் திட்டக்கூடாது.

ஜோகூர் ரெங்கத்தில் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்காவின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் நான் வாயைத் திறந்துவிட்டேன், அதுதான் காரணம் என்று அக்கா சொல்வாள். பள்ளி வேன் ஓட்டுகிறேன். சுற்றியிருக்கும் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை விடியுமுன் ஏற்றிக்கொண்டு வந்து பள்ளியில் இறக்கிவிட வேண்டும். அப்படி ஒரு மழைக்காலத்தில் கடைசி சீட்டுக்கடியில் ஒரு சாம்பல் குட்டி நனைந்துபோய்க் கிடந்தது. எந்தப் பிள்ளையோ பைக்குள் வைத்துக் கொண்டுவந்து, வாத்தியாருக்குப் பயந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோனேன். வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அக்கா துண்டை எடுத்துத் துடைத்துவிட்டாள். அன்று முதல் நான் பெரியவன், அவன் சின்னவன். "பெரியவனே, சின்னவன் எங்க?" என்று அவள் கேட்டால் பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்றே நினைத்தார்கள்.

சின்னவன் பெரிய ஆள் ஆனான். வயிறு தரையில் உரசும். அப்புறம் ஒரு வருடம் திடீரென்று இளைக்க ஆரம்பித்தான். குளியலறை வாளியில் முன்னங்காலை ஊன்றிக்கொண்டு தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பான். அவனுடைய மணல் தட்டைத் தூக்கினால் சிமெண்ட் மூட்டை மாதிரி கனத்தது. பின்னங்கால் நுனியில் நிற்காமல் குதிகால் தரையில் பட, தவழ்வது போல நடந்தான். நோயைக் கண்டுபிடித்தது நானில்லை, அக்கா.

"இவன் என்ன மாதிரியே தண்ணி குடிக்கிறான்டா. எனக்கு ஆரம்பத்துல இப்படித்தான்" என்றாள்.

"பூனைக்கு ஏதுக்கா இனிப்புநீர்? சும்மா இரு" என்று நான் மடக்கினேன். குளுவாங்கில் மிருக டாக்டரிடம் கொண்டுபோனால் அக்கா சொன்னதுதான் சரி என்றாகிவிட்டது.

டாக்டர் இளவயது சீனப் பெண். எங்களுக்குள் மலாயில்தான் பேச்சு. பொறுமையாகத்தான் சொன்னார். ஒரு நாளைக்கு இரண்டு வேளை இன்சுலின், காலையில் போட்ட அதே நேரத்துக்கு மாலையிலும் போட வேண்டும். முதலில் காதில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சீனி பார்க்க வேண்டும், பிறகு சாப்பாடு, பிறகு ஊசி. சாப்பிடாவிட்டால் போனில் கேட்காமல் ஊசி போடக்கூடாது. சாப்பாடு என்றால் டின் மீன், டின் கோழி. சோறு கூடாது, பால் கூடாது, பிஸ்கட் கூடாது. இதற்கெல்லாம் நான் பெரிய புத்திசாலி மாதிரி தலையாட்டினேன்.

முதல் வாரம் நரகம். பூனையின் காது ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு நரம்பு ஓடுகிறது. காதுக்குப் பின்னால் டார்ச் அடித்தால்தான் தெரியும். வெந்நீரில் பிழிந்த துணியை ஒத்தி, துளி வஸலின் தடவி, ஊசியால் ஒரு குத்து. வஸலின் இருந்தால்தான் இரத்தம் ரோமத்தில் பரவாமல் முத்தாக நிற்கும். அந்த முத்து திரண்டு வரும் நேரத்தில் நம் பூனைத் துரை தலையை ஒரு உதறு உதறுவார். இரத்தம் என் சட்டையில், சுவரில், அக்காவின் மூக்குக்கண்ணாடியில் என்று எல்லா இடத்திலும் இருக்கும், மெஷினில் செருகிய பட்டையில் மட்டும் இருக்காது. மறுபடி குத்து. நான் கத்துவேன், அவன் கத்துவான், எங்கள் இரண்டு பேரையும் பார்த்து அக்கா கத்துவாள்.

"பாவம்டா! என்னய குத்திப் பழகிட்டு அவனக் குத்தேன்டா!"

"குடு கைய! இப்பவே குத்துறேன்!" என்றால் கை முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

ஊசி போடுவது அதைவிடச் சுலபம். கழுத்துத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்துக் குத்த வேண்டும். சில நேரம் ஊசி தோலின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்துவிடும். அப்போது ரோமம் ஈரமாகி ஆஸ்பத்திரி வாசம் அடிக்கும். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே போனது என்று நமக்குத் தெரியாது. சரி, இன்னொன்று போடுவோம் என்று மட்டும் போய்விடக்கூடாது, ஆளே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மாதிரி நாட்களில் வேன் ஓட்டிக்கொண்டே மூக்கு அந்த வாசத்தை நினைத்துக்கொண்டிருக்கும்.

நேரம்தான் பெரிய தொல்லை. நான் வேன் எடுக்கிற நேரத்துக்குப் பொருந்த விடியுமுன் ஊசி. அப்படியானால் மாலையிலும் பொழுது சாய்கிறபோது நான் வீட்டில் இருந்தாக வேண்டும். சிங்கப்பூரில் சொந்தக்காரப் பிள்ளைக்குக் கல்யாணம், போகவில்லை. பாலத்தில் ஜாமில் மாட்டிக்கொண்டால் எந்த வேளைக்கு வந்து சேர்வது? "பூனைக்கு ஊசியா? அலமாக்! ஒனக்குப் பைத்தியமா லா?" என்று மாப்பிள்ளையின் அப்பா போனில் சிரித்தார். பைத்தியம்தான். ஆனால் அந்தப் பைத்தியத்துக்குப் பலன் கிடைத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் மெஷின் கணக்கில் இருபதுக்கு மேல் நின்ற சீனி பதினைந்துக்கு வந்து, பன்னிரண்டுக்கு வந்தது. குதிகால் தரையை விட்டு எழும்பியது. ஒருநாள் மாலை நான் வேனை நிறுத்தும்போது துரை வெளிக்கதவின் தூண்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். அக்கா கீழே நின்று, பரீட்சையில் பாஸான பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று எனக்குக்கூடக் கண் கலங்கியது. சொல்ல வெட்கமில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும். புரட்டாசி பிறந்தது.

புரட்டாசி மாதம் எங்கள் வீட்டில் கவிச்சி நுழையாது. இது என் அக்கா எனக்குப் போட்ட சட்டம், அவளுக்கு அவள் மாமியார் போட்ட சட்டம். மாதம் பிறக்கிற முதல் நாளே ஐஸ் பெட்டியைக் கழுவி, சட்டியைக் கழுவி, மீன் வெட்டுகிற கத்தியைக்கூடத் தாளில் சுற்றி வெளியே வைத்துவிடுவாள். ஐஸ் பெட்டிக் கதவில் இன்சுலின் புட்டியைப் பார்த்ததும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல மாடு கீடு ஒண்ணும் இல்லியே?"

"மாடு இல்லக்கா" என்றேன். அது உண்மைதான். பன்றியிலிருந்து எடுத்தது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை நான் ஏன் சொல்லப் போகிறேன்? புட்டியை ஒரு டப்பாவுக்குள் போட்டுப் பழைய இடத்தில் வைத்தேன்.

டின்கள் மட்டும் கார் போர்ச்சுக்குப் போய்விட்டன. அங்கேயே திறந்து அங்கேயே தட்டில் வைப்பேன். சின்னவன் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவன். வெளியில் தட்டைக் கண்டால் இரண்டு வாய் சாப்பிடுவான், மோட்டார் சத்தம் கேட்டால் உள்ளே ஓடிவிடுவான். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக் கடுவன் பூனை வந்து வழித்துவிட்டுப் போகும். இவன் அரைவயிற்றோடு சாமி அறை வாசலில் போய் அக்காவைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான்.

அக்கா அந்த மாதம் முழுக்கப் பெருமாளுக்குத் தயிர்சாதம் படைப்பாள். சனிக்கிழமை என்றால் நெய் மிதக்கச் சர்க்கரைப் பொங்கல். தீபம் காட்டி முடித்து முதல் வாயைத் தன் வாயில் போட்டுக்கொள்வாள், அடுத்த வாய் எனக்கு. அதற்கடுத்தது சின்னவனுக்கு. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குத் தப்பாகவே படவில்லை. ஏனென்றால் எங்கள் ஆட்களிடம் ஒரு கணக்கு உண்டு: பிரசாதம் சாப்பாட்டில் சேராது. கோயிலில் போய்ப் பாருங்கள். வீட்டில் தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்று மனைவியிடம் சண்டை போடுகிறவர் அங்கே வரிசையில் நின்று பொங்கல் வாங்கி, இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு தரம் நிற்பார். கேட்டால், "சாமி பிரசாதம்யா, ஒண்ணும் செய்யாது." காலில் ஆறாத புண்ணோடு நிற்கிறவர்கூட அதைத்தான் சொல்வார். என் அக்கா பல வருடமாக அந்தக் கணக்கிலேயே ஓட்டுகிறவள். பூனைக்கு மட்டும் வேறு கணக்கா போடப்போகிறாள்?

சின்னவனின் சீனி ஏறியது. பன்னிரண்டு போய்ப் பதினேழு, அப்புறம் இருபத்திரண்டு. மெஷினில் விழும் எண்ணைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். சாப்பாட்டில் ஏதாவது மாற்றமா என்று அவர் எழுதிக் கேட்டார். இல்லை, அதே டின்தான் என்று எழுதினேன். மனசறிந்து பொய் சொல்லவில்லை. அதே டின்தானே? மருந்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார், கூட்டினேன். சனிக்கிழமை பொங்கல் வந்தது, மறுபடி ஏறியது. இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னார், கூட்டினேன். மருந்தும் பொங்கலும் மாறி மாறி ஏறிக்கொண்டே போயின, நடுவில் அவன் இருந்தான்.

புரட்டாசி முடிந்த மறுநாள் எங்கள் ஊர்ப் பாசாரில் கோழிக் கடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அக்காவும் போய்க் கோழி வாங்கி வந்தாள். தாளில் சுற்றி வைத்த கத்தி உள்ளே வந்தது, டின்கள் அடுக்களைக்குத் திரும்பின. சின்னவனுக்கு என்று உப்புப் போடாமல் தனியே நெஞ்சுக்கறி வேகவைத்தாள். ஒரு மாதப் பசி, ஆசை தீரச் சாப்பிட்டான். சோறு நின்றது, தயிர் நின்றது, பொங்கல் நின்றது. மருந்து மட்டும் ஏற்றி வைத்த இடத்திலேயே நின்றது.

அதற்கு அடுத்த நாள் விடியற்காலை காதைக் குத்தினேன். ஒன்பது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒன்பதுதான்.

"யக்கா! ஒம்பது!"

அவள் அடுக்களையிலிருந்து கையைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்தாள். "பெருமாளே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா? ஒரு மாசம் நான் சுத்தமா இருந்தது வீண் போகல."

அவன் தட்டைக் காலி பண்ணினான். ஏற்றி வைத்த அளவையே இழுத்து, சந்தோஷமாக ஊசி போட்டேன். ரோமம் நனையவில்லை, வாசமும் அடிக்கவில்லை, மருந்து சொட்டு விடாமல் உள்ளே போனது. வழியெல்லாம் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டுவிட்டுக்கொண்டே வேன் ஓட்டினேன்.

பள்ளி வாசலில் இருக்கும்போது போன் வந்தது. அக்காதான். "ஆடுறான்டா... குடிச்சவன் மாதிரி ஆடுறான்... விழுந்துட்டான்... இழுக்குதுடா..."

"தேன்! பல்லு ஈறுல தேனத் தடவு! இப்பவே! கேக்குதா?"

"திருநீறு பூசிருக்கேன்..."

"தேனத் தடவுக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் பள்ளிக் காவலாளி வெளியே வந்து பார்த்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் அக்காவின் மடியில் கிடந்தான். நெற்றியில் திருநீறு, வாயெல்லாம் தேன், அவள் புடவையெல்லாம் ஈரம். மெஷினில் ஒன்றரை என்று காட்டியது. அவனையும் அவளையும் வேனில் போட்டுக்கொண்டு குளுவாங்குக்குப் பறந்தேன். டாக்டர் அவன் காலில் ஊசி ஏற்றிச் சீனித் தண்ணீரை விட்டார். இழுப்பு நின்றது. உயிர் இருந்தது.

அப்புறம்தான் அவர் கேட்டார், போன மாதம் இவன் என்னதான் சாப்பிட்டான் என்று. நான் அக்காவைப் பார்த்தேன். "டின்னு. வேற ஒண்ணும் இல்ல. பிரசாதம் மட்டுந்தான்" என்றாள் அவள்.

அதை நான் மலாயில் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், எனக்குச் சொல் கிடைக்கவில்லை. சாமிக்குப் படைத்தது என்று சொல்லிப் பார்த்தேன். என்ன பொருள், என்ன பொருள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "நாசி" என்றேன். சோறு. அப்புறம் "சூசு" என்றேன். பால். அப்புறம் "கூலா". சீனி. சொல்லச் சொல்ல என் காதிலேயே அது வேறு மாதிரி விழுந்தது. வேண்டாம் என்று அவர் முதல் நாள் சொன்ன அதே பொருட்களை ஒவ்வொன்றாக அவரிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டர் திட்டவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்காவுக்கு மலாய் நன்றாகவே புரியும். அவள் என்னைப் பார்க்கவில்லை.

சின்னவன் வீட்டுக்கு வந்தான், ஆனால் பார்வை வரவில்லை. சில பூனைக்குத் திரும்பி வரும் என்றார் டாக்டர். இவனுக்கு வரவில்லை. கறுத்து விரிந்த கண்ணோடு சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஏதோ பேச்சில் என் வாய் சொல்லப்போய், அவன் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டது. பின்னங்கால் மறுபடி தரையில் பட்டது. சீனி ஒரு நாள் ஐந்து, ஒரு நாள் இருபத்தைந்து, பிடிக்குள் வரவே இல்லை. நான் ஒவ்வொரு வேளையும் பயந்து பயந்து இழுத்தேன். முன்பு காதைக் குத்தினால் சண்டை போட்டவன் இப்போது காதை நீட்டிக்கொண்டு கிடந்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் கோபத்தில் மெஷினை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். "இப்பவாச்சும் கைய நீட்டுக்கா. இவனுக்கு ஆனத பாத்தியில்ல?" என்றேன். நீட்டவில்லை. "எனக்கு வர்றது வரட்டும்" என்றாள். முன்பு அதைச் சிரித்துக்கொண்டு சொல்வாள்.

அடுத்த புரட்டாசிக்குள் அவனுக்குச் சிறுநீரகமும் போய்விட்டது. ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைத்துவிடலாம், அவனுக்கு நிம்மதி என்றார் டாக்டர். அக்கா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். அப்படியானால் சில நாட்கள்தான் என்றார் அவர்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை. ஜோகூரில் சனிக்கிழமை பள்ளி விடுமுறை, எனக்கு வேன் இல்லை. காலை வேளைக்கு டின்னைத் திறந்து வைக்கப் போர்ச்சுக்குப் போனேன். டின்னைக் காணோம். உள்ளே வந்தால் அடுக்களையில் மீன் வாசம். சாமி விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. தலைக்குக் குளித்து, ஈர முடியை முடிந்துகொண்டு, அக்கா தரையில் உட்கார்ந்து தன் கையால் மீனைப் பிசைந்துகொண்டிருந்தாள். புரட்டாசிச் சனிக்கிழமையில், பெருமாள் படத்துக்கு நேராக, என் அக்கா. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"சாப்புடு சாமி. சின்னவனே, சாப்புடு. ஒனக்குப் புடிச்ச மீனு."

விரலில் எடுத்து மூக்கருகே நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தப் பக்கம் போய் நீட்டினாள், இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். மெஷின் என் ஒரு கையில், ஊசி இன்னொரு கையில். சாப்பிடாமல் போட முடியாது. போடாமல் இருந்தாலும் முடியாது.

அவள் எழுந்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். அப்புறம் சாமி அறையிலிருந்து படைத்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். அறுபதைத் தாண்டியவள். என்னைத் தூக்கி வளர்த்தவள். பயந்துகொண்டு கேட்டாள்.

"பெரியவனே... ஒரே ஒரு வாய். குடுக்கவா?"

"குடுக்கா" என்றேன்.

தயிர்சாதத்தை விரலால் மசித்து அவன் உதட்டில் வைத்தாள். மூக்கு அசைந்தது. நாக்கு வந்தது. நக்கினான். இன்னும் கொஞ்சம் வைத்தாள், அதையும் நக்கினான். அதற்கப்புறம் அவன் எதையும் சாப்பிடவில்லை.

"சாப்புட்டான்டா. பாத்தியா? சாப்புட்டான்" என்றாள் அக்கா.

பார்த்தேன் என்றேன். டாக்டருக்குப் போன் போடவில்லை. அந்த வேளை அவன் காதைக் குத்தவும் இல்லை.